எந்த மணலில் குவியல் தொடங்குகிறது? எல்லை மங்கிய சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்யியலோ தர்க்கமோ படிக்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றை நாலு வரியில் சொல்லிவிட்டால் கேள்விக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

எல்லை மங்கல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

‘உயரம்’, ‘வழுக்கை’, ‘கிழவர்’, ‘சிவப்பு’, ‘குவியல்’ போன்ற சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் உயரமுள்ள மனிதர் உயரமானவர், சந்தேகமே இல்லை. ஒன்றரை மீட்டர் உள்ளவர் உயரமானவர் இல்லை, அதிலும் சந்தேகம் இல்லை. நடுவில் உள்ள ஒருவரைக் காட்டி ‘இவர் உயரமா?’ என்று கேட்டால் இழுக்கிறோம். அளவுநாடாவைக் கொண்டுவந்து மில்லிமீட்டர் வரை அளந்து சொன்னாலும் அந்த இழுப்பு போவதில்லை. அளவு முழுக்கத் தெரிந்த பிறகும் சொல் பொருந்துமா பொருந்தாதா என்பது தீராமல் நிற்கிறதே, அதைத்தான் எல்லை மங்கல் என்கிறேன். அன்றாடம் பேசும் சொற்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை.

‘ஆறு’ என்றால் நதியா, எண்ணா என்று குழம்புவதும் இதுதானா?

இல்லை. அது ஒரு சொல் பல பொருள். எந்தப் பொருளில் சொன்னீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் குழப்பம் முடிந்துவிடும். ஆனால் நதி என்ற பொருளில்தான் சொன்னேன் என்று நீங்கள் உறுதி சொன்ன பிறகும், ‘ஓடை எவ்வளவு அகலமானால் ஆறு?’ என்ற கேள்வி அப்படியே இருக்கிறதே, மங்கல் அங்கேதான் இருக்கிறது. ‘எங்கோ ஓர் இடத்தில்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் வேறு விஷயம். அதில் தகவல் குறைவு, அவ்வளவுதான்.

நமக்குச் சரியாகத் தெரியாததால் வரும் ஐயம்தானே இது?

இந்தத் துறையின் நடுநரம்பு இந்தக் கேள்விதான். ஐயத்துக்குத் தொல்காப்பிய உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: தூரத்தில் தெரிவது குற்றியோ, மகனோ? குற்றி என்றால் மரக்கட்டை, மகன் என்றால் இங்கே மனிதன். மங்கிய வெளிச்சத்தில் கட்டையும் மனிதனும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அருகே போய்ப் பார்த்தால் ஐயம் தீரும், ஏனென்றால் அங்கே நிற்பது இரண்டில் ஒன்றுதான்.

இப்போது ஒரு மணல் குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். அருகே போகிறீர்கள். குனிந்து ஒவ்வொரு துகளாக எண்ணியும்விட்டீர்கள். எழுபத்து மூன்று. ‘இது குவியலா?’ என்ற ஐயம் தீர்ந்ததா? பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் அருகே போக வழியில்லை. குற்றி–மகன் ஐயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். ‘இல்லை, இதுவும் குற்றி–மகன் ஐயம்தான், கிட்டே போகத்தான் நமக்கு வழியில்லை’ என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு வருகிறேன்.

குவியல் புதிர் என்பது என்ன?

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலேட்டஸ் நகரத்து யூபுலிடெஸ் என்ற கிரேக்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் புதிர் இது. கிரேக்கத்தில் ‘சோரோஸ்’ என்றால் குவியல், அதனால் சோரைட்டீஸ் என்று பெயர் வந்தது. வாதம் இப்படிப் போகும். பத்தாயிரம் மணல் துகள்கள் சேர்ந்தால் அது குவியல். ஒரு குவியலிலிருந்து ஒரு துகளை எடுத்துவிட்டால் அது குவியல் இல்லாமல் போய்விடாது. அப்படியானால் 9,999 துகளும் குவியல், 9,998ம் குவியல். இதே படியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் ஒற்றைத் துகளும் குவியல் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். தொடங்கிய இடம் சரி, ஒவ்வொரு படியும் சரி, ஆனால் வந்து சேர்ந்த இடம் அபத்தம்.

இதில் மோதும் இரண்டு உணர்வுகளும் நம் வாய்ப்பேச்சிலேயே இருக்கின்றன. ‘பத்தோடு பதினொன்று’ என்கிறோம்: ஒன்று கூடினால் ஒன்றும் ஆகிவிடாது. ‘சிறு துளி பெருவெள்ளம்’ என்றும் சொல்கிறோம்: ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் எல்லாம் ஆகிறது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் சரியாகவே படுகின்றன. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் புதிர் பிறக்கிறது.

இங்கே வள்ளுவரின் மயிற்பீலியையும் பார்த்துவிட வேண்டும்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சும் முறியும் என்கிறது 475ஆம் குறள். குவியல் புதிரை விளக்கும்போது இந்தக் குறளைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் இதற்குள் இரண்டு எல்லைகள் இருப்பது தெரியும். அச்சு ஏதோ ஓர் இறகு விழுந்தபோது முறிகிறது. அந்தச் சத்தம் காதில் விழும். எந்த இறகு என்று எண்ணிக்கொண்டிருந்தவர் சொல்லிவிடலாம். ஆனால் ‘சால மிகுத்து’, அதாவது மிக அதிகமாக என்ற நிலை எந்த இறகில் தொடங்கியது? அதற்குச் சத்தம் கிடையாது. அச்சுக்கு எல்லை உண்டு. ‘சால’ என்ற சொல்லுக்கு அப்படி ஓர் எல்லை தென்படுவதில்லை.

எங்காவது ஒரு கோடு போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

வேலை நடக்கும். பல இடங்களில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கோடு போடுவது ஏற்கெனவே இருந்த எல்லையைக் கண்டுபிடிப்பதாகாது, நாம் எடுக்கும் ஒரு முடிவு அது. உயர் ரத்த அழுத்தம் என்பதற்கு நெடுங்காலம் 140/90 என்ற அளவைப் பயன்படுத்தினார்கள். 2017 நவம்பரில் அமெரிக்க இதயநல அமைப்புகள் அதை 130/80 ஆக்கின. 135/85 இருந்த ஒருவர் முந்தின நாள் அந்தப் பட்டியலில் இல்லை, மறுநாள் இருக்கிறார். அவருடைய ரத்தக் குழாயில் எதுவும் மாறவில்லை. மாற்றியதற்கு நல்ல மருத்துவக் காரணங்கள் இருந்தன, அதைக் குறை சொல்லவில்லை. ‘இந்த எண்ணில்தான் நோய் தொடங்குகிறது’ என்று இயற்கை எழுதிவைத்திருந்ததை யாரும் படித்துச் சொல்லவில்லை என்பதுதான் செய்தி.

இன்னொன்று. போட்ட கோடே சில சமயம் மங்கலாக இருக்கும். 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ‘கோள்’ என்ற சொல்லுக்கு வரையறை தந்து புளூட்டோவை விலக்கியது. ஒரு கோள் தன் சுற்றுப்பாதையை ஒட்டிய பகுதியைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. எவ்வளவு துப்புரவு என்றால்? வரையறையில் அதற்கு எண் எதுவும் இல்லை.

நடுவில் உள்ளதற்கு இன்னும் நிறையச் சொற்களை வைத்துக்கொள்ளலாமே?

வைத்துப் பார்த்திருக்கிறோம். பூவுக்குத் தமிழ் எத்தனை பெயர் வைத்திருக்கிறது! அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு பருவமாகச் சொல்வது வழக்கம். அரும்பிலிருந்து வாடி விழுந்தது வரை. ஒரு செடியின் முன்னால் உட்கார்ந்து ஒரே பூவை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் அது மொட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மறுநாள் விடியலில் இதழ்களின் நுனி மட்டும் விலகி, உள்ளே இருந்த நிறம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. மொட்டா, முகையா? இதழ்கள் முழுவதும் விரிந்த பிறகு மலரா, அலரா? ‘மொட்டு’, ‘பூ’ என்ற இரண்டு சொல்லோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு மங்கல் எல்லை. ஏழு சொல் கைக்கு வந்ததும் ஆறு எல்லைகள், ஆறும் மங்கல்.

இதையே தர்க்கக்காரர்கள் மேல்நிலை மங்கல் என்கிறார்கள். ‘நிச்சயமாகக் குவியல்’, ‘நிச்சயமாகக் குவியல் இல்லை’, ‘நடுத்தரம்’ என்று மூன்றாகப் பிரித்தால், ‘நிச்சயமாக’ முடிந்து ‘நடுத்தரம்’ எந்தத் துகளில் தொடங்குகிறது என்ற கேள்வி மறுபடி வருகிறது. போலந்து தர்க்கவியலாளர் லுகாசியேவிச் 1920இல் தந்த மூன்று மதிப்புத் தர்க்கத்தை (உண்மை, பொய், இரண்டுக்கும் நடுவில் ஒன்று) வைத்துக் குவியலை விளக்கப் போனாலும் இந்த இடத்தில்தான் முட்டும்.

தர்க்கத்துக்கு இதனால் என்ன கேடு?

பழைய தர்க்கத்தில் ஒரு கூற்று உண்மை, இல்லையென்றால் பொய், மூன்றாவது வழி கிடையாது. அந்தத் தர்க்கம் நிற்க ஒவ்வொரு சொல்லுக்கும் கூரான எல்லை வேண்டும். ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃப்ரேகே 1903இல் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: எல்லை கூராக இல்லாத கருத்தைக் கருத்தென்றே சொல்லக் கூடாது. ரஸ்ஸல் 1923இல் எல்லை மங்கல் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். எல்லாச் சொல்லிலும் ஓரளவு மங்கல் இருக்கிறது, தர்க்கமோ துல்லியமான குறிகளை எதிர்பார்க்கிறது, ஆகவே அது இந்த மண்ணுலக வாழ்வுக்குப் பொருந்துவதில்லை, கற்பனையான விண்ணுலகுக்கே பொருந்தும் என்பது அவர் முடிவு. விட்கென்ஸ்டைன் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்: ‘சுமாராக அங்கே நில்’ என்று ஒருவரிடம் சொன்னால் அது பொருளற்ற பேச்சா? அவர் போய் நிற்கிறாரே!

எனக்கு விட்கென்ஸ்டைன் கேட்டது சரியாகப் படுகிறது. ஆனால் அதோடு புதிர் தீர்ந்துவிடவில்லை. சொற்கள் பயன்படுகின்றன என்பது ஒன்று, அந்தச் சொற்களை வைத்து எப்படி வாதிட்டால் சரி என்பது இன்னொன்று.

‘பாதி உண்மை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

லாட்ஃபி ஸாதே 1965இல் மங்கல் கணங்கள், அதாவது ஓரம் மங்கிய தொகுப்புகள், பற்றி எழுதினார். ஒரு பொருள் ஒரு தொகுப்பில் இருக்கிறதா இல்லையா என்று கேட்பதற்குப் பதிலாக, சுழியிலிருந்து ஒன்றுவரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்கலாம் என்றார். பொறியியலில் இது நன்றாகவே பலித்தது. ஜப்பானில் 1987இல் தொடங்கிய செண்டாய் சுரங்க ரயிலை இந்த முறையில்தான் ஓட்டினார்கள். குவியல் புதிருக்கும் இதில் அழகான விளக்கம் உண்டு. ‘ஒரு துகளை எடுத்தாலும் குவியல்தான்’ என்ற ஒவ்வொரு படியும் முழு உண்மை இல்லை, கிட்டத்தட்ட உண்மை. ஒவ்வொரு படியிலும் உண்மை ஒரு துளி கசிகிறது. ஆயிரக்கணக்கான படிகள் கடந்தால் பானை காலி. ஏமாந்தது ஏன் என்பதையும் இது சொல்லிவிடுகிறது.

ஆனாலும் எனக்கு இது போதவில்லை. அண்ணன் தம்பி இருவரும் உயரத்தில் நடுத்தரம் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தம்பியைவிட ஒரு சென்டிமீட்டர் உயரம். ‘அண்ணன் உயரமானவர்’ என்பது 0.5 உண்மை, ‘தம்பி உயரமானவர்’ என்பது 0.4 உண்மை. இப்போது ‘தம்பி உயரமானவர், ஆனால் அண்ணன் உயரமானவர் இல்லை’ என்று ஒருவர் சொன்னால்? அண்ணன்தான் கூடுதல் உயரம் என்பதால் இது முழுப் பொய்யாக இருக்க வேண்டும். வழக்கமான விதிப்படி ‘அண்ணன் உயரமானவர் இல்லை’ என்பது ஒன்றில் 0.5 போக மீதி 0.5, இரண்டு பாதிகளில் சிறியதை எடுத்தால் 0.4 என்று வருகிறது. அபத்தத்துக்கு நாற்பது சதவீதம் மதிப்பெண். அப்புறம் இன்னொரு சங்கடம்: கூரான எல்லை வேண்டாம் என்று தொடங்கியவர்கள் 0.41க்கும் 0.42க்கும் நடுவே கூரான எல்லையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

எல்லாக் கோட்டிலும் உண்மையானதே உண்மை என்கிறார்களே, அது எப்படி?

கிட் ஃபைன் 1975இல் விரிவாக வளர்த்த வழி இது. பகல் போய் இரவு வருவதை வைத்துச் சொல்கிறேன். வானியலில் அந்திக்கு மூன்று அளவு உண்டு: சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போது முடிவது, 12 பாகையில் முடிவது, 18 பாகையில் முடிவது. அந்தி முடிந்ததும் இரவு என்றால், மூன்றுமே ‘இரவு’ என்ற சொல்லைக் கூராக்கும் நியாயமான வழிகள். சூரியன் 20 பாகை கீழே இருக்கிறது என்றால் மூன்றிலும் இரவு, ஆகவே ‘இரவு வந்துவிட்டது’ உண்மை. 3 பாகை கீழே என்றால் மூன்றிலும் இரவில்லை, ஆகவே பொய். 9 பாகை என்றால் ஓர் அளவில் இரவு, மற்ற இரண்டில் இல்லை. அந்தக் கூற்று உண்மையும் இல்லை பொய்யும் இல்லை.

இதன் அழகு எங்கே என்றால், அதே 9 பாகையில் ‘இரவு வந்துவிட்டது அல்லது வரவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்று அளவிலும் உண்மை. பழைய தர்க்கத்தின் விதி பிழைத்துவிட்டது. அண்ணன் தம்பி சிக்கலும் இங்கே இல்லை, ஏனென்றால் எங்கே கோடு போட்டாலும் தம்பி தாண்டிய கோட்டை அண்ணனும் தாண்டியிருப்பார்.

விலை என்ன தெரியுமா? ‘இரவு தொடங்கிய கணம் ஒன்று இருக்கிறது’ என்பதும் எல்லா அளவிலும் உண்மையாகிவிடுகிறது. ‘எந்தக் கணம்?’ என்று கேட்டால் எந்தக் கணத்தைச் சுட்டினாலும் உண்மையில்லை. இருக்கிறது என்பது உண்மை, இதுதான் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. இதை ஒப்புக்கொள்ள என்னால் முழுமனதாக முடியவில்லை.

எல்லை இருக்கிறது, நமக்குத்தான் தெரியாது என்பவர்கள் யார்?

முன்பு சொல்லிவைத்தேனே, அவர்கள்தான். ராய் சோரென்சன் 1988இலும் திமத்தி வில்லியம்சன் 1994இலும் இதை நூலளவில் வாதிட்டார்கள். குவியலை குவியலாக்கும் துகள் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, யாராலும் அதை அறிய முடியாது, அவ்வளவுதான் என்கிறார்கள். கேட்டதும் ‘இதென்ன பேச்சு’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வில்லியம்சனின் வாதத்தைப் பொறுமையாகப் படித்தால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

தூரத்து மரத்தைப் பார்த்து அதில் எத்தனை இலை என்று சொல்லுங்கள். சரியான எண் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கண்ணால் பார்த்து அதை அறிய முடியாது. தற்செயலாகச் சரியாகச் சொல்லிவிட்டாலும் அது அறிவு ஆகாது, ஓர் இலை அதிகமாக இருந்திருந்தாலும் நீங்கள் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். அறிவுக்கு எப்போதும் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்கிறார் வில்லியம்சன். சொற்களின் பொருள் கோடிப் பேர் பேசும் பேச்சால் அமைகிறது. அந்தப் பேச்சு இம்மி மாறினால் எல்லையும் இம்மி நகரும், நகர்ந்தது நம் கண்ணுக்குப் படாது. ஆகவே எல்லையை ஒட்டி நிற்கும்போது நமக்கு அறிவு கிடைப்பதில்லை. இதனால் தர்க்கத்தில் ஒரு விதியைக்கூடத் தொட வேண்டியதில்லை. அதுதான் இந்தக் கொள்கையின் பெரிய பலம். பேசும் நாமே போடாத கோட்டை நம் பேச்சு எப்படிப் போட்டது என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்தும் கேள்வி.

கண்ணால் பார்த்து இதை உணர வழி உண்டா?

கணினித் திரையில் நிறங்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் தருவார்கள். 255, 0, 0 என்றால் சிவப்பு. நடு எண்ணை மட்டும் ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 165 வரும்போது எல்லாரும் ஆரஞ்சு என்று சொல்லும் நிறம் வந்துவிடும். 40க்கும் 41க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு படியிலும் ‘சிவப்பு’ என்றோ ‘சிவப்பில்லை’ என்றோ வாய்விட்டுச் சொல்லி, மாறிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆரஞ்சிலிருந்து திரும்பி வாருங்கள். மாறும் இடம் பெரும்பாலும் வேறாக இருக்கும். டயானா ராஃப்மன் போன்றோர் இதைப் பிடித்துக்கொண்டு, எல்லை நின்ற இடத்தில் நிற்பதில்லை, பார்க்கும் சூழலோடு நகர்கிறது என்று விளக்குகிறார்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டை நாம் ஒன்றாகவே நடத்துவதால், நாம் பார்க்கும் இடத்தில் எல்லை ஒருபோதும் இருப்பதில்லை.

மங்கல் சொல்லிலா, உலகத்திலேயேவா?

மேகம் எங்கே முடிகிறது என்று கேளுங்கள். ஓரத்தில் உள்ள இந்த நீர்த்துளி மேகத்தைச் சேர்ந்ததா? மேகமே மங்கலா, ‘மேகம்’ என்ற சொல் மங்கலா? கேரத் எவன்ஸ் 1978இல் ஒரே பக்கத்தில், இரண்டு பொருள்கள் ஒன்றா வேறா என்பது உலகத்திலேயே மங்கலாக இருக்க முடியாது என்று வாதிட்டார். சுருக்கமாக: இதுவும் அதுவும் ஒன்றா என்பது மங்கல் என்றால், ‘இதனோடு ஒன்றா என்பது மங்கல்’ என்ற தன்மை அதற்கு உண்டு. இதற்கு அந்தத் தன்மை இல்லை, ஏனென்றால் இது இதுவேதான் என்பதில் மங்கல் இல்லை. தன்மை வேறு என்றால் பொருளும் வேறு. ஆகவே மங்கல் இருந்ததாகச் சொன்னதே தவறு. இந்த ஒரு பக்கத்துக்கு எழுந்த மறுப்புகள் இன்னும் ஓயவில்லை.

கோடு இல்லை என்றால் வேறுபாடே இல்லை என்று ஆகிவிடாதா?

ஆகாது. இந்தப் பிழையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் இது வகுப்பறையோடு நிற்பதில்லை. ‘கண்டிப்புக்கும் கொடுமைக்கும் நடுவில் கோடு எங்கே, காட்டு பார்க்கலாம்’ என்று ஒருவர் சவால் விடுவார். காட்ட முடியாது. அதனால் அடிவாங்கிய குழந்தையின் முதுகில் இருப்பது கண்டிப்பு என்று ஆகிவிடுமா? விடியும் கணத்தைச் சுட்ட முடியாதவருக்கும் நடுப்பகலும் நள்ளிரவும் வேறு வேறுதான். நடுவில் தயங்குவது நேர்மை. அந்தத் தயக்கத்தைக் காட்டி இரு முனைகளையும் அழிக்கப் பார்ப்பவரிடம் விட்டுக்கொடுக்கவே கூடாது.

‘இன்னும் ஒரு தடவைதானே’ என்பதும் இதே வகையா?

ஆமாம். இன்னும் ஒரு சிகரெட் பிடிப்பதால் யாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் அது சரியான கணக்குதான், அதனால்தான் அதை மறுக்க முடிவதில்லை. வாரன் குவின் 1990இல் இதை, உடலில் பொருத்திய, வலி தரும் ஒரு கற்பனைக் கருவியாக எழுதினார். அடுத்த புள்ளிக்குத் திருப்பினால் வலி கூடுவது தெரியவே தெரியாது, பணம் மட்டும் கிடைக்கும், திரும்பி வர முடியாது. ஒவ்வொரு திருப்பமும் லாபம். கடைசியில் உட்கார்ந்திருப்பவர் தாங்க முடியாத வலியில் இருக்கிறார். இங்கே கோடு தானாக வராது. ‘இந்த எண்ணில் நிறுத்துகிறேன்’ என்று முன்கூட்டியே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அந்த எண் ஏன் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும்.

ஒருவர் துகள் துகளாகக் கேட்டுக்கொண்டே வந்தால் என்ன பதில் சொல்வது?

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கிரேக்க மெய்யியலாளர் கிரிசிப்பஸ் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சிக்கலான இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே பேச்சை நிறுத்திவிடுவது, பள்ளம் வருமுன் குதிரைகளை இழுத்துப் பிடிக்கும் தேரோட்டிபோல. அடுத்த நூற்றாண்டில் வந்த கார்னியடீஸ் என்ற ஐயவாதி விடவில்லை. நீ பேசாமல் இருப்பதென்ன, குறட்டை விட்டே தூங்கு, எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பின்னாலேயே ஒருவன் வந்து உன்னை எழுப்பி அதே கேள்வியைக் கேட்பானே என்றார். இந்த வாதத்தை ரோமானிய எழுத்தாளர் சிசெரோ எழுதிவைத்திருக்கிறார்.

நான் செய்வது இது. கேட்பவர் நடுப்பகுதிக்கு வந்ததும் சொல்லைக் கீழே வைத்துவிட்டு எண்ணைச் சொல்கிறேன்: ‘எழுபத்து மூன்று துகள் இருக்கிறது.’ அதில் பொய்யும் இல்லை, மங்கலும் இல்லை. ‘சரி, குவியலா இல்லையா?’ என்று மறுபடி கேட்டால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்கிறேன். பெருக்கித் தள்ளவா, எடை போடவா, மேலே ஏறி நிற்கவா? காரணம் சொன்னால் அதற்கு ஏற்ற கோட்டை இருவரும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம். காரணம் எதுவும் இல்லை, வெறுமனே தெரிய வேண்டும் என்றால், எண்ணிய துகள்களை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு நானும் அவரோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.